பைரவருக்கு வடையை நிறுத்திய கதை

பினாங்கில் நான் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் என்னிடம் மூன்று சொத்துகள் இருந்தன. ஒரு கறுப்புத் தோல் பை, ஆஸ்பத்திரியில் படித்து வாங்கிய பத்திரம், வாய். இவற்றில் எனக்கு அதிகம் உதவியது வாய்தான். பிள்ளை பெறுகிறவளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டு நாயைத் தாண்டியாக வேண்டுமே! குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்த புண்ணியவான் ஒருநாளும் அவசரமாகப் பிரசவத்துக்குப் போனவராக இருக்க முடியாது. இரண்டு சேலைகள் கிழிந்த பிறகு எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. நாயின் கண்ணைப் பார்க்கக் கூடாது. நேராகப் போய் அதன் முன்னால் நிற்கக் கூடாது. ஓடவே கூடாது. பையை நீட்டி மோந்து பார்க்கவிட வேண்டும், தணிந்த குரலில் பேச வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? மிஸ்ஸி நாயின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிறாளாம். தாதியையும் மருத்துவச்சியையும் இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். மந்திரம் தெரிந்திருந்தால் நான் ஏன் வெயிலில் ரிக்‌ஷாவில் அலைகிறேன்?

அந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு மாலை கிராணியார் என் வீட்டுக்கு வந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் கம்பெனியில் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. கறுப்புக் கோட்டு, மடித்த குடை, நாற்காலியின் நுனியில் மட்டும் உட்காரும் வழக்கம்.

"ஒரு சின்னக் கேஸ், மிஸ்ஸி" என்றார்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு வயசு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாயைச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலையில் போனேன். வரிசை வீடுகள், முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை. அவர்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மலாய்க்கார மீன்காரர் அதில் மீனை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். கிராணியாரின் மனைவி ஜன்னலில் தலையை நீட்டினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வட்ட முகம், நெற்றி நிறையக் குங்குமம்.

"தங்கச்சி, உள்ள வந்துறாதீங்க! அது நடையில படுத்திருக்கு!"

"வேற எப்படிக்கா நான் மேல வர்றது? கூடையிலயா?"

அக்கா கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அளவு பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

நான் பையை முன்னால் நீட்டிக்கொண்டு, சுவரோரமாக உள்ளே போனேன். நடையில் படுத்திருந்தது ஒரு பெரிய பழுப்பு நாய். அகலமான தலை, தொங்கும் காது. உறுமியது. நான் நின்றேன். அது பையை மோந்தது. உடனே மாடிப்படியின் மேல்முனையிலிருந்து ஒரு உளுந்து வடை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. நாய் அதை விழுங்கிவிட்டு, இன்னொருமுறை மேலே பார்த்து உறுமியது. இன்னொரு வடை வந்தது.

எனக்கு அப்போதே பாதி விஷயம் விளங்கிவிட்டது. மீதியை மாடியில் உட்கார்ந்து கேட்டேன்.

அந்த நாய் ஒரு துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பும்போது, "இதை உன்னை நம்பி விட்டுப் போகிறேன்" என்று கிராணியார் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அன்றிலிருந்து கிராணியாருக்கு அது நாயாகத் தெரியவில்லை. துரையின் பிரதிநிதியாகத் தெரிந்தது. வழியில் படுத்திருந்தால், "ப்ளீஸ் சார், கைண்ட்லி" என்பார். மகள் மட்டும்தான் அதை நாயாக நடத்தினாள். அவள் திட்டினால் காதை மடக்கும், கூப்பிட்டால் வரும். பிறகு அவள் தைப்பிங்கில் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுவேட்டி கட்டிக்கொண்டு, மாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நாய் பக்கத்திலேயே நின்றது. துரை வீட்டில் கை குலுக்குவார்கள், யாரும் யார் காலிலும் விழுவதில்லை. இந்த வீட்டிலோ இருந்ததே மூன்று பேர், யார் காலில் யார் விழுவது? வீட்டுக்காரியின் காலைப் பிடித்து இழுக்க ஒரு முரடன் பாய்கிறான் என்று அது நினைத்திருக்க வேண்டும். தன் கடமையைச் செய்துவிட்டது. கடிபட்ட இடம் இடுப்பு என்று மாப்பிள்ளை சொன்னார். மரியாதை கருதி எல்லோரும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

வெறி இருக்கிறதா என்று நாயைச் சங்கிலியில் கட்டிவைத்துப் பார்த்தார்கள். நாயும் சாகவில்லை, மாப்பிள்ளையும் குரைக்கவில்லை. ஆனால் பயம் வந்து வீட்டில் குடியேறிவிட்டது. அடுத்த வாரமே அக்கா நடையில் படுத்திருந்த நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கப்போய், அது சேலை முந்தானையைக் கவ்விக் கிழித்தது. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டு மறந்துபோனது அக்காவுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. நாய் பைரவரின் வாகனம் அல்லவா? சாமிதான் கோபப்படுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் நாய் உறுமினால் வடை. புருஷனுக்கு அது துரை, பெண்டாட்டிக்கு அது பைரவர். ஒரு நாய் இதற்குமேல் என்ன பதவிக்கு ஆசைப்படும்? கிராணியார் காலையில் வேலைக்குக் கிளம்புவது ஒரு படையெடுப்பாக இருந்தது. அக்கா பின்கட்டுப் பக்கம் வடையை வீசுவார், நாய் ஓடும், கிராணியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வாசலைப் பார்த்துப் பாய்வார்.

"யாருக்காச்சும் குடுத்துறலாமே?" என்று கேட்டேன்.

"கெப்பாலா பத்தாஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தர் தோட்டத்துக்குக் குடுத்தோம். மறுநாளே பெரிக் கப்பல் ஏறிக் கொண்டாந்து விட்டுட்டாரு. வேட்டி கிழிஞ்சிருந்துச்சு, பாவம்" என்றார் கிராணியார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது போலவும் தோன்றியது.

சிரிக்க ஒன்றுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். ஆனால் சம்பந்தி வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நாய் இருக்கிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம், பிள்ளை எங்கள் வீட்டிலேயே பிறக்கட்டும். முனிசிபாலிட்டி ஆளைக் கூப்பிட்டுச் சுட்டுவிடலாம் என்று கிராணியார் ஒருநாள் வாயெடுத்தார். மகள் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு உயிரைக் கொல்வதா, அதுவும் பைரவரையா என்று அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கொல்லவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

கிராணியார் வேலைக்குப் போன பிறகு அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் அவளப் பெத்தப்போ இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்துச்சு, தங்கச்சி. எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்தா, நல்ல மனுஷி. ஆனா அவ பேசுறது எனக்குப் புரியல, நான் அழுவுறது அவளுக்குப் புரியல. புடிச்சிக்கக் கை இல்லாம கட்டில் காலப் புடிச்சிக்கிட்டேன். எம்மவளுக்கு அப்படி ஆவக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நான் வழக்கம்போல் சத்தம் போட்டேன். "அப்ப மொதல்ல அந்த வடைச் சட்டிய அடுப்புலேர்ந்து எறக்குங்க!"

அக்கா நடுங்கிப்போனார். நான் விளக்கினேன். இந்த நாய் உறுமுவது கோபத்தால் மட்டும் அல்ல. ஒவ்வொரு உறுமலுக்கும் வடை கிடைக்கிறது என்றால் யார்தான் உறுமமாட்டார்கள்? எனக்கு வடை தருவதாகச் சொன்னால் நானே உறுமுவேன். முதலில் பயத்தில்தான் கடித்தது. பிறகு நீங்கள் பயந்தீர்கள். நீங்கள் பயப்படுவதைப் பார்த்து, ஏதோ ஆபத்து இருக்கிறது என்று அது இன்னும் முறைத்துக்கொண்டது. இப்போது வீட்டில் யார் பெரியவர் என்று அதற்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை.

"அப்ப அடிக்கணுமா?"

"அடிச்சா கடிக்கும். கடிச்சா நான் தையல் போடணும். அதெல்லாம் வேணாம்."

செய்யச் சொன்னது சாதாரணமான காரியங்கள்தான். நடையில் படுக்கவிடாமல் பின்கட்டில் ஒரு சாக்கைப் போட்டு அதை நாயின் இடமாக்குவது. நீளமான கயிறு கட்டுவது, பட்டையில் கை வைக்காமலே நடத்திப் போகலாம். உறுமினால் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, சும்மா இருக்கும்போது துண்டுக் கருவாடு. சாப்பாடு வைக்குமுன் 'இரு' என்று ஒரே ஒரு சொல். அது உட்கார்ந்தால் சோறு, உட்காராவிட்டால் சோற்றுத்தட்டு மாடிக்குத் திரும்பிவிடும். துரையின் நாய்க்குத் தமிழ் தெரியுமா என்று வேலையிலிருந்து திரும்பி வந்த கிராணியார் சந்தேகப்பட்டார். "உங்க வடைக்குத் தமிழ் தெரிஞ்சுதா?" என்றேன்.

நாய் நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகப் படிந்தது. மனிதர்கள்தான் படியவில்லை. முதல்நாள் அக்கா தட்டை வைத்துக்கொண்டு, படிக்கட்டின் மூன்றாம் படியில் பத்திரமாக நின்று, "இருங்க" என்றார்.

"யாருக்கு இருங்க? சம்பந்தியா வந்திருக்காரு?"

"வாகனமாச்சே..." என்று இழுத்தார்.

குரல் வராமல் நாய் வராது. ஆகவே முதலில் குரலைப் பழக்கினேன். அரிசிப் பானையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, கிராணியாரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அக்கா முகம் சிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இரு!" என்றார். அப்போதுதான் எழுந்து வெற்றிலைச் செல்லத்தை எடுக்கப் போன கிராணியார் தடாலென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் துரைமாருக்கு உழைத்த உடம்பு, யார் சொன்னது என்று பார்க்குமா? அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாம் படி இரண்டாம் படியானது, இரண்டாம் படி தரையானது. கூடை மாடியிலேயே தங்கிவிட்டது, மீன்காரருக்கு அதில் வருத்தம். நாய் சாக்கில் படுத்தது. 'இரு' என்றால் உட்கார்ந்தது, அதாவது நான் பக்கத்தில் நின்றால். நான் இல்லாத நேரத்தில் அக்காவின் கை நடுங்கும், கயிறு நடுங்கும், நாய்க்கும் சந்தேகம் வந்து பல்லைக் காட்டும்.

அப்போது பார்த்துத் தேய்பிறை அஷ்டமி வந்தது. நான் பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவத்தை முடித்துக்கொண்டு, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். வீடெல்லாம் உளுந்து வாசனை. நடையில் நாய், கழுத்தில் வடைமாலை, எதிரே விளக்கு. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நாய் தன் மாலையைத் தானே தின்ன முயன்று, கழுத்தை வளைத்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பழையபடி உறுமியது. அக்காவின் கை தன்னால் தாம்பாளத்துக்குப் போய் இன்னொரு வடையை எடுத்தது.

நான் அப்போது பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நாய் வாலைக்கூட நிமிர்த்திவிடலாம், உங்களை நிமிர்த்த என்னால் ஆகாது, வேறு மிஸ்ஸியைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று முடித்தேன். ரிக்‌ஷாவில் ஏறிய பிறகும் திட்டிக்கொண்டே போனேன். ரிக்‌ஷாக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து வேகமாக ஓடினார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா! வியர்த்து, கொண்டை அவிழ்ந்து, தெருவே பார்க்க நின்றுகொண்டு கத்துகிறார்.

"யாரப் பாத்து வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? மவ வரணும்னு சாமிய கும்புட்டது தப்பா? நீங்க வரலன்னா எம்மவளுக்கு யாரு பாக்குறது? சொல்லுங்க! பாதியில விட்டுட்டுப் போறதுக்கா வந்தீங்க?"

அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் நாய். டிராம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. நாய் எழுந்து அதைப் பார்த்துப் பாயப்போனது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இரு!" என்றார். அது உட்கார்ந்தது. "உங்களத்தான் கேக்குறேன், தங்கச்சி!" என்று என்னிடம் தொடர்ந்தார்.

நான் கயிற்றைக் காட்டினேன்.

அக்கா குனிந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தார். பாசார் வழியாக, கோழிக்கூண்டுகளைத் தாண்டி, இத்தனை ஜனத்துக்கு நடுவில் அதை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். புறப்படும்போது அது பின்னால் வந்ததாம், கயிற்றை எடுத்தாராம். கோபத்தில் பயப்பட மறந்துபோய்விட்டது.

"அலாமாக்!" என்று நெஞ்சில் கை வைத்தார். "தங்கச்சி, இப்ப நான் எப்படி வூட்டுக்குப் போறது?"

"வந்த மாதிரிதான். இன்னொரு தடவ என்னை நெனச்சுக்குங்க, கோவம் வரும்லா."

ஒரு டம்ளர் கொப்பி கொடுத்து அனுப்பினேன். திண்டாடிக்கொண்டுதான் போனார், ஆனால் அவரே போனார். அன்றைக்குப் பிறகு அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. பைரவருக்குக் கோவிலில் போய் விளக்குப் போட்டார். வாகனத்துக்குச் சோறும் கருவாடும்.

எட்டாம் மாதம் மாப்பிள்ளை மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நாயைச் சோதித்துப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் அடுத்த ரயிலில் பெண்ணைத் திருப்பி அழைத்துப் போவதாக ஏற்பாடு. பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பெரிக் கப்பலில் கடலைத் தாண்டி வந்தவர் அஞ்சடி நடைபாதையிலேயே நின்றுவிட்டார், வெயிலே இல்லாத இடத்தில் குடையை விரித்து முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு. மகளோ வயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக நாயிடம் போய் அதன் காதைப் பிடித்துத் திருகினாள். அது வாலை ஆட்டிய ஆட்டில் குத்துவிளக்கு சாய்ந்தது. பிறகு எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். மாமியாரை நமஸ்கரிக்க வேண்டும், வழக்கம் வழக்கம்தானே. அக்கா நாயின் கயிற்றைக் கையில் எடுத்து, "இரு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நாய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை விழுந்தார். விழுந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம், அதிலும் எழும்போது இடுப்பு என்று அவர் சொல்லும் இடத்தைக் கையால் மூடிக்கொண்டே எழுந்தார். நாய் அசையவில்லை. அக்கா அதற்கு ஒரு துண்டுக் கருவாடும், மாப்பிள்ளைக்கு ஒரு வடையும் கொடுத்தார். மகள் தங்கினாள்.

வலி கண்டது ஒரு பகல் நேரத்தில். வெளியே மழை கொட்டியது. மாடியறையில் நான், மகள், அக்கா. கீழே நாயும் கிராணியாரும். முதல் பிள்ளை, நேரம் எடுத்தது. மகள் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டத்தில் அவள் வீறிட்டாள். கீழே நாய் பைத்தியம் பிடித்ததுபோல் குரைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கியது. "ப்ளீஸ் சார்! சார்!" என்று கிராணியார் கெஞ்சுவது கேட்டது. நகம் படியில் கீறும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. கதவுக்கு வெறும் திரைச்சீலைதான்.

நான் அக்காவைப் பார்த்தேன். போய்த் தடுக்க வேண்டும் என்றால் கையை விட வேண்டும். அக்கா கையை விடவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"இரு!"

படியில் சத்தம் நின்றது. கீழே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, கிராணியாரும் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. இவ்வளவும் சரிதான். ஆனால் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"உன்னச் சொல்லலம்மா! நீ முக்கு!" என்று நான் கத்தினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் அழுகையுமாகத்தான் பேத்தி பிறந்தாள். நல்ல கனம், நல்ல தொண்டை. பாட்டியின் குரல் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் துடைத்து முடித்துப் பையைக் கட்டும்போது அக்காவின் கை கண்ணில் பட்டது. புறங்கையில் மகளின் நகங்கள் பதிந்து, நாலைந்து இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நான் அயோடினை எடுத்துக்கொண்டு, "கையக் காட்டுங்கக்கா" என்றேன்.

அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி" என்றார். "இது சீக்கிரம் ஆற வேணாம்."